பதிப்புரிமையும் பேச்சுரிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுதுவோர், பாடுவோர், குறும்படம் எடுப்போர், யூடியூபில் விமர்சனம் செய்வோர், சிறு பதிப்பகம் நடத்துவோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் இந்தியச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டவர்கள் இதைப் படிப்பதோடு நில்லாமல் ஒரு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

பதிப்புரிமை, காப்புரிமை, வணிகச் சின்னம் எல்லாம் ஒன்றுதானா?

மூன்றும் வெவ்வேறு. கதை, கவிதை, பாட்டு, ஓவியம், திரைப்படம், ஒலிப்பதிவு, கணினி நிரல் ஆகியவற்றுக்கு உரியது பதிப்புரிமை. அதற்கான சட்டம் 1957ஆம் ஆண்டினது. புதுக் கண்டுபிடிப்புக்கு உரியது காப்புரிமை. ஒரு நிறுவனத்தின் பெயரையும் இலச்சினையையும் காப்பது வணிகச் சின்னம். நம் செய்தித்தாள்கள் மூன்றுக்கும் 'காப்புரிமை' என்றே எழுதிவிடுவதால், சினிமாப் பாட்டு வழக்கையும் மருந்துக் கம்பெனி வழக்கையும் வாசகர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார். பேச்சுரிமையோடு அன்றாடம் உரசுவது பதிப்புரிமைதான். சில சமயம் வணிகச் சின்னமும் உரசும். பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எழுதி முடித்த கணத்திலேயே அது பிறந்துவிடுகிறது.

என் கதைக்கருவை ஒருவர் எடுத்துப் படமாக்கிவிட்டார். வழக்குப் போடலாமா?

கருவை மட்டும் எடுத்திருந்தால் வழக்கு நிற்காது. 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆர்.ஜி. ஆனந்த் வழக்குதான் இன்றைக்கும் இதற்கு அளவுகோல். டெல்லியில் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு 'மதராஸி'க் குடும்பம், இரு வீட்டுப் பிள்ளைகளிடையே காதல், மாகாணவெறி பிடித்த பெற்றோர் என்று ஆனந்த் ஒரு நாடகம் எழுதி மேடையேற்றியிருந்தார். 1956இல் வெளியான 'நியூ டெல்லி' என்ற இந்திப் படத்திலும் இதே சங்கதி இருந்ததைக் கண்டு அவர் வழக்குத் தொடுத்தார். ஆனால் படத்தில் வாடகைக்கு வீடு கிடைக்காத தொல்லை, வரதட்சணைக் கொடுமை என்று நாடகத்தில் இல்லாத இழைகள் இருந்தன. கதை நகர்ந்த விதமும் வேறு. கரு, பொருள், வரலாற்று நிகழ்வு ஆகியவற்றுக்கு எவரும் உரிமை கொண்டாட முடியாது, அவற்றைச் சொன்ன விதத்துக்கு மட்டுமே உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஆனந்தின் கோரிக்கையை மறுத்தது.

கதையைப் பறிகொடுத்ததாக நினைப்பவருக்கு இது கசக்கும். ஆனாலும் இந்த விதி இல்லாவிட்டால் அக்காள் தங்கை ஊடலையும் ஊர்ப் பகையையும் முதலில் எழுதியவரைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது. கதை சொல்லப் போகிறவர், பேசியதை மட்டும் நம்பாமல், முழுத் திரைக்கதையையும் எழுதித் தேதியோடு பதிந்துவைப்பது நல்லது. சட்டம் காப்பது அந்த எழுத்தைத்தான்.

பேச்சுரிமை அடிப்படை உரிமை ஆயிற்றே. பதிப்புரிமை அதை எப்படித் தடுக்கலாம்?

நியாயமான கேள்வி. அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. அதற்கு எந்தெந்தக் காரணங்களால் கட்டுப்பாடு விதிக்கலாம் என்பதை 19(2) எண்ணிச் சொல்கிறது: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். இந்தப் பட்டியலில் பதிப்புரிமை என்ற சொல்லே கிடையாது.

இருந்தும் பதிப்புரிமைச் சட்டம் செல்லுபடியாவதற்குச் சொல்லப்படும் காரணம், அது தனக்குள்ளேயே பேச்சுரிமைக்கு இடம் விட்டிருக்கிறது என்பதுதான். கருத்துக்கு உரிமை இல்லை என்ற விதி ஓர் இடம்; விமர்சனம், ஆய்வு, செய்தி, கல்வி ஆகியவற்றுக்காக 52ஆம் பிரிவு தரும் விலக்குகள் மற்றோர் இடம். ஆகவே 52ஆம் பிரிவை உரிமையாளர் போடும் பிச்சையாக எண்ணக் கூடாது. அந்த விலக்குகள் சுருங்கினால் சட்டத்தின் நியாயமும் அந்த அளவுக்குச் சுருங்கும் என்பது என் கருத்து.

பாடலை எழுதியவர் ஒருவர், உரிமை வைத்திருப்பவர் வேறொருவர் என்றால் என்ன ஆகும்?

தமிழில் இதற்குப் பாரதியை விடப் பெரிய உதாரணம் இல்லை. 1921இல் அவர் மறைந்தபின் அச்சிடும் உரிமை ஒரு பக்கமும் இசைத்தட்டு உரிமை வேறொரு பக்கமும் பிரிந்துபோயின. குடும்பம் வறுமையில் இருந்தது. உரிமைகள் சிறு தொகைகளுக்குக் கைமாறின. பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு இசைத்தட்டு வியாபாரியிடம் போய், அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. இதற்கு நடுவே 1928இல் அரசாங்கம் பாரதியின் பாடல் தொகுதிகளைப் பறிமுதல் செய்தது. ஆக, இந்தக் கவிஞரைப் பாட ஒரு காலத்தில் போலீஸ் தடையாக இருந்தது, இன்னொரு காலத்தில் பத்திரம் தடையாக இருந்தது.

1947 தொடக்கத்தில் வெளியான 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே' பாடியபோது நாடே கூடப் பாடியது. அந்தப் படம் ஏவி.எம். படம், உரிமை கையில் இருந்ததால் அது முடிந்தது. மறு ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது, உரிமை எங்களுடையது என்று ஏவி.எம். தரப்பு சட்ட நடவடிக்கையில் இறங்கியது. மேடையில் காலமெல்லாம் பாரதியைப் பாடிவந்த கலைஞர்களே திரையில் அவரைப் பாட அனுமதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று.

இதற்குப் பிறகுதான் பாரதி பாடல்களை விடுவிக்க வேண்டும் என்ற குரல் வலுத்தது. டி.கே. சண்முகம், நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம் முதலியோர் அதை இயக்கமாகவே நடத்தினார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு 1949இல் உரிமைகளை வாங்கியது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடம் இருந்த உரிமையைப் பணம் வாங்காமலே கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் பாரதியின் எழுத்து யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம் என்ற நிலைக்கு வந்தது. ஓர் எழுத்தாளரின் உரிமையை அரசு வாங்கி மக்களுக்கு விட்டுவிடுவது உலகில் அபூர்வம். தமிழ்நாட்டில் அதுவே 'நாட்டுடைமை' என்று வழக்கமாகி, வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து நூற்றுக்கு மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் விடுவிக்கப்பட்டிருக்கின்றன. புத்தகக் காட்சியில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' பத்துப் பதிப்பகங்களின் அட்டையில், பத்து விலையில் கிடைப்பது இதனால்தான். அவற்றில் பிழை மலிந்த பதிப்புகளும் உண்டு. ஆனாலும் கிடைக்காத நல்ல பதிப்பைவிடக் கிடைக்கிற சுமாரான பதிப்பு மேல் என்பேன்.

அப்படி விடுவிக்காமல் இருந்திருந்தால் என்ன நஷ்டம்?

வங்காளத்தைப் பார்த்தால் ஓரளவு விளங்கும். தாகூர் 1941இல் மறைந்தார்; அன்றைய 50 ஆண்டுக் கணக்குப்படி அவர் எழுத்து 1991 முடிவில் பொதுவுக்கு வந்திருக்க வேண்டும். உரிமை வைத்திருந்த, தாகூர் நிறுவிய விசுவபாரதிப் பல்கலைக்கழகத்துக்காக நாடு முழுவதற்குமே பதிப்புரிமைக் காலம் 60 ஆண்டாக நீட்டப்பட்டது. தாகூர் 2001 முடிவில்தான் விடுபட்டார். அதுவரை ரவீந்திர சங்கீதம் எனப்படும் தாகூர் பாடல்களை இசைத்தட்டாக வெளியிட விசுவபாரதி இசைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். தேவவிரத விஸ்வாஸ் என்ற பெரும் பாடகரின் ஒலிப்பதிவுகளுக்கு, வாத்தியம் அதிகம், பாடும் முறை சரியில்லை என்று ஆட்சேபம் வந்தது. மனம் வெறுத்த அவர் ஒரு கட்டத்தில் ரவீந்திர சங்கீதத்தைப் பதிவு செய்வதையே நிறுத்திக்கொண்டார்.

இங்கே பிரச்சினை பணம் அன்று. ஒரு பாட்டை எப்படிப் பாட வேண்டும் என்று சொல்லும் அதிகாரமாகப் பதிப்புரிமை மாறியதுதான் பிரச்சினை. பாரதியின் 'சின்னஞ்சிறு கிளியே' பாட்டுக்கு ராகமாலிகை போட்டவரிடமும், 'அச்சமில்லை' பாட்டைப் பறையோடு பாடுகிறவரிடமும் யாரும் அனுமதிச் சீட்டுக் கேட்பதில்லை.

பதிப்புரிமை எத்தனை ஆண்டு இருக்கும்?

இந்தியாவில் நூல், பாட்டு, ஓவியத்துக்கு ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் ஆசிரியர் இறந்தபின் 70, மலேசியாவில் 50. எனவே சென்னையில் தாராளமாக அச்சிடும் நூலை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும்முன் அந்நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட விமர்சனத்தில் எத்தனை வினாடி கிளிப் போடலாம்?

பத்து வினாடி என்றும் முப்பது வினாடி என்றும் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். சட்டத்தில் அப்படி எந்த எண்ணும் இல்லை. ஒரு படைப்பை, அல்லது அதை வைத்து வேறொரு படைப்பை, விமர்சிப்பதற்காக நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்றுதான் 52ஆம் பிரிவு சொல்கிறது. எடுத்த அளவு, எடுத்த நோக்கம், அதனால் மூலப் படைப்பின் வியாபாரம் கெடுமா என்பன பார்க்கப்படும். ஒரு சண்டைக்காட்சியின் படத்தொகுப்பு ஏன் சரியில்லை என்று காட்ட இருபது வினாடி எடுத்து, நடுவே நிறுத்தி விளக்கினால் அது விமர்சனம். அதே காட்சியை முழுக்க ஓடவிட்டு, முடிவில் 'செம மாஸ்' என்று ஒரு வார்த்தை சொன்னால் நீதிபதி விமர்சனம் என்று ஒப்புவது கடினம். 'உரிமை அனைத்தும் தயாரிப்பாளருக்கே' என்று கீழே எழுதிவிட்டால் போதும் என்பது வெறும் நம்பிக்கை. எடுத்தது நியாயமா என்ற கேள்விக்கு அது விடையாகாது.

கேலி செய்வதற்காக ஒருவர் படைப்பையோ சின்னத்தையோ பயன்படுத்தலாமா?

பகடி என்ற சொல் சட்டத்தில் இல்லை. நீதிமன்றங்கள் அதை விமர்சனத்தின் ஒரு வடிவமாக ஏற்றிருக்கின்றன. இரண்டு வழக்குகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது கேரளத்தில் நடந்தது. தோப்பில் பாஸி 1952இல் எழுதிய, 'நீங்கள் என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்' என்று பொருள்படும் தலைப்புடைய நாடகம் அங்கே கட்சி வளர்ந்த கதையோடு பிரிக்க முடியாதபடி கலந்தது. 1990களில் சிவிக் சந்திரன் அதற்கு ஓர் எதிர்நாடகம் எழுதினார். பழைய நாடகத்தின் பாத்திரங்களையும் வசனங்களையும் அப்படியே மேடைக்குக் கொண்டுவந்து, உயிரைக் கொடுத்த தலித்துகளுக்குக் கடைசியில் என்ன கிடைத்தது என்று அவர்கள் வாயாலேயே கேட்கவைத்தார். பாஸியின் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள். மூலத்தின் கருத்தைக் கேள்வி கேட்பதற்காகவே அதன் பகுதிகள் எடுக்கப்பட்டுள்ளன, ஆகவே இது திருட்டாகாது என்ற நிலையை 1996இல் கேரள உயர் நீதிமன்றம் எடுத்தது. ஒரு நாடகத்தோடு நாடகத்தாலேயே வாதம் செய்யலாம் என்பதற்கு இந்தியாவில் இதைவிடத் தெளிவான தீர்ப்பை நான் படித்ததில்லை.

இரண்டாவது வணிகச் சின்னம் பற்றியது. டாடா குழுமம் பங்குகொண்ட ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தால் அக்கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்கு ஆபத்து என்று எதிர்த்த கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, 2010இல் இணையத்தில் ஒரு விளையாட்டை வெளியிட்டது. பழைய பேக்மேன் விளையாட்டைப் போல, ஆமை புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓட வேண்டும். துரத்தும் பேய்களின்மேல் டாடா இலச்சினை. சின்னத்தை இழிவுபடுத்திவிட்டார்கள் என்று டாடா சன்ஸ் 10 கோடி ரூபாய் கேட்டு டெல்லி உயர் நீதிமன்றம் போனது. சரக்கு விற்பதற்காகச் சின்னத்தைத் திருடுவது வேறு, நிறுவனத்தின் செயலைக் கண்டிக்க அதன் சின்னத்தைக் காட்டுவது வேறு என்று பிரித்துப் பார்த்த நீதிபதி ரவீந்திர பட், 2011 ஜனவரியில் இடைக்காலத் தடை தர மறுத்தார். யாரைக் கண்டிக்கிறோம் என்று அடையாளம் காட்டாமல் எப்படிக் கண்டிப்பது?

பாடப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுப்பது குற்றமா?

'ஜெராக்ஸ்' என்ற சொல்லே ஒரு கம்பெனியின் வணிகச் சின்னம் என்பது இருக்கட்டும். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில், பேராசிரியர்கள் பரிந்துரைத்த பல நூல்களின் பகுதிகளைச் சேர்த்துப் பிரதி எடுத்து விற்ற ராமேஸ்வரி என்ற கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். தாம் சட்டம் படித்த காலத்தில் மாணவர்கள் முறைவைத்து நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொண்டதைத் தீர்ப்பிலேயே நினைவுகூர்ந்தார். கையால் எழுதினால் குற்றமில்லாதது இயந்திரத்தால் எடுத்ததும் எப்படிக் குற்றமாகும் என்பதே அவர் வாதத்தின் சாரம். மேல்முறையீட்டில், கற்பித்தலுக்குத் தேவையான அளவா என்பதை விசாரிக்கலாம் என்று வழக்குத் திரும்ப அனுப்பப்பட்டது. 2017இல் பதிப்பகங்களே வழக்கைக் கைவிட்டன.

வகுப்புக்காக எடுப்பதற்குத்தான் இந்த விலக்கு. சின்னப் பதிப்பகத்தின் கவிதைத் தொகுப்பை முழுதாக பி.டி.எஃப். ஆக்கி டெலிகிராமில் சுற்றவிடுவதற்கு இந்தத் தீர்ப்பைத் துணைக்கு அழைக்க முடியாது.

என் வீடியோவை நீக்கிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

உரிமையாளர் எழுத்துமூலம் புகார் கொடுத்தால் இணையத் தளம் 36 மணி நேரத்துக்குள் அதை நிறுத்திவைக்க வேண்டும். 21 நாளுக்குள் புகார்தாரர் நீதிமன்ற உத்தரவோடு வராவிட்டால் திரும்ப வெளியிடலாம் என்று நம் சட்டமும் 2013 விதிகளும் சொல்கின்றன. நடைமுறை வேறு. பெரிய தளங்கள் தமக்கென வைத்திருக்கும் விதிகளின்படி 'ஸ்டிரைக்' என்ற எச்சரிக்கைப் புள்ளி கொடுக்கின்றன. யூடியூபில் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனலே போய்விடும். பேச்சுரிமைக்கு இன்று பெரிய அடி விழுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். புகார் கொடுப்பவர் ஒரு படிவத்தை நிரப்பினால் போதும். பதில் சொல்பவரோ பெயர், முகவரி கொடுத்து, வழக்கு வரட்டும் என்று துணிந்து நிற்க வேண்டும். படம் வெளியான வாரத்தில் நீக்கப்பட்ட கடும் விமர்சனம் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தாலும் பார்க்க ஆளிருக்காது.

ஆதாரமில்லாமல் மிரட்டுகிறவர் மீது எதிர்வழக்குப் போட்டு இழப்பீடு கேட்க 60ஆம் பிரிவு வழி தருகிறது. அதைப் பலரும் அறியாமலே வீடியோவை எடுத்துவிடுகிறார்கள்.

ஒரு படத்துக்காக முழு இணையதளத்தையே முடக்கலாமா?

முடக்கியிருக்கிறார்கள். இன்னார் என்று தெரியாத திருடர்கள் மீது முன்கூட்டியே வாங்கும் தடையை நம் நீதிமன்றங்களில் 'அசோக் குமார் உத்தரவு' என்பார்கள். 'கொலவெறி' பாட்டால் பேர்பெற்ற '3' படத்துக்காக 2012இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படியொரு தடை விதித்தது. இணைய இணைப்புத் தரும் நிறுவனங்கள் அதைக் காட்டி வீமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களையே மூடிவிட, அந்தப் படத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாதவர்களின் குறும்படங்களும் சேர்ந்து மறைந்தன. குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று ஜூன் மாதம் நீதிமன்றம் விளக்கம் தந்த பிறகே அவை திரும்பின. 2017 ஆகஸ்டில் இந்திப் படங்களுக்காக அதே நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவில் 2,600க்கும் மேற்பட்ட முகவரிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, பழைய வலைப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ். நூலகத்தில் ஒரு புத்தகம் திருட்டுப் பிரதி என்று சொல்லி நூலகத்துக்கே பூட்டுப் போட்ட கதைதான்.

கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டுப் போட உரிமம் வேண்டுமா?

வேண்டாம். திருமண ஊர்வலத்துக்கும் அதையொட்டிய விருந்துகளுக்கும் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதை அறிவிப்பாக வெளியிட்டது.

இதெல்லாம் சரி, படைப்பாளிக்குப் பாதுகாப்பு வேண்டாமா?

கட்டாயம் வேண்டும், அதுவும் பெரும்பாலும் தம்மிடமிருந்து வாங்குபவரிடமிருந்தே. 2012 திருத்தத்தின்படி பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், பாட்டு திரையரங்குக்கு வெளியே ஒலிக்கும்போது கிடைக்கும் ராயல்டியில் தம் பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதிய ஒப்பந்தம் செல்லாது. நூல் ஒப்பந்தத்தில் கால அளவு எழுதாவிட்டால் 5 ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் பொருள்கொள்ளும். ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத நிலையில், உரிமையை வாங்கிய பதிப்பகம் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் உரிமை எழுத்தாளருக்கே திரும்பிவிடும். 'என்றென்றைக்கும், உலகம் முழுவதற்கும்' என்ற வாசகத்தின்கீழ்க் கையெழுத்துப் போடும்முன் இவற்றை நினைத்துக்கொள்ளவும்.

உரிமையாளர் யாரென்றே தெரியாத பழைய நூலை மறுபதிப்புச் செய்யலாமா?

முதலில் ஆசிரியர் இறந்த ஆண்டைத் தேட வேண்டும். நாட்டுடைமைப் பட்டியலில் இருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். 1965இல் மறைந்தவரின் நூல்கள் 2026 ஜனவரி 1 முதல் யாருக்கும் உரியவை. மதுரைத் திட்டம் 1998 முதல் இப்படிப்பட்ட நூல்களைத் தட்டச்சிட்டு இலவசமாக வழங்கிவருகிறது. உரிமைக்காலம் முடியாமல், வாரிசையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால், நாளிதழில் விளம்பரம் கொடுத்து, ராயல்டி கட்டி உரிமம் பெறும் முறை 31அ பிரிவில் இருக்கிறது. முந்நூறு பிரதி அச்சிடும் பதிப்பாளருக்கு அந்த விளம்பரச் செலவே புத்தகச் செலவைத் தாண்டும். ஆகவே தமிழில் எத்தனையோ நல்ல நூல்கள் ஆசிரியர் இறந்து அறுபத்தோராம் ஆண்டு பிறக்கட்டும் என்று அலமாரியில் காத்துக்கிடக்கின்றன. அதற்குள் சில பொடிந்தும் விடுகின்றன.